கதவை மூடுவது யார்?

இந்த வருடம் எடிட்டிங் பிரிவில் சேர்ந்திருக்கும் ஆறு பேரில் நான்கு பேர் தமிழ் பேசுகிறவர்கள் என்று கேள்விப்பட்டேன். அதனால் தமிழில் எழுதுகிறேன். இன்னொரு காரணமும் உண்டு. ஆங்கிலத்தில் எழுதினால் நீங்கள் படிக்க மாட்டீர்கள். சிவப்பு மையை எடுத்துக்கொண்டு திருத்த ஆரம்பித்துவிடுவீர்கள். உங்கள் வயதில் நானும் அப்படித்தான் இருந்தேன்.

பேகம்பேட்டில் நீங்கள் உட்காரும் அதே மூன்றாவது மாடியில் இருபத்தாறு வருடம் இயந்திரக் கையேடுகளின் ஆங்கிலத்தைத் திருத்தினேன். ஓய்வு பெற்று ஒன்றரை வருடம் ஆகிறது. வேலையில் நான் கெட்டிக்காரி. இதைச் சொல்ல எனக்குக் கூச்சமில்லை. எழுவாய் ஒருமையாகவும் வினை பன்மையாகவும் ஒரு வாக்கியம் கண்ணில் பட்டால், டீயை உறிஞ்சிக்கொண்டே பிடித்துவிடுவேன். அப்படிப்பட்ட நான் இலக்கணப் பிழை ஒன்றுகூட இல்லாத ஒரு பக்கத்தை எழுதி, ஒரு பெண்ணை இரும்புக் கலனுக்குள் வைத்துப் பூட்டினேன். அந்தக் கதையைத்தான் சொல்லப் போகிறேன்.

பயிற்சியின் முதல் வாரத்திலேயே உங்களுக்குச் சொல்லியிருப்பார்கள். எல்லாரையும் ‘ஹி’ என்று ஆணாக்கி எழுதாதே. ‘ஹி ஆர் ஷி’ என்று வரிக்கு வரி எழுதினால் படிக்கிறவருக்கு மூச்சு வாங்கும். ஆணா பெண்ணா என்று தெரியாத ஒருவரையும், இரண்டிலும் தன்னைச் சேர்க்க விரும்பாத ஒருவரையும் ‘தே’ என்று எழுது. ‘தே’ பலரைக் குறிக்கும் சொல்தான், ஆனால் ஒருவரையும் குறிக்கலாம். இதைக் கேட்டுச் சிலர் முகம் சுளிப்பார்கள். தமிழ் பேசுகிறவர்கள் சுளிக்க வேண்டியதில்லை. “டீச்சர் வந்தாங்க” என்று வீட்டில் சொல்கிறோம். வந்தது ஒருவர்தான். ஆணா பெண்ணா என்று அந்த ‘வந்தாங்க’ சொல்வதில்லை. நாம் தினமும் செய்வதை ஆங்கிலமும் செய்கிறது, அவ்வளவுதான். இந்த விஷயத்தில் என் கருத்து அன்றும் இன்றும் ஒன்றே.

உப்பலில் ஒரு ரப்பர் குழாய்த் தொழிற்சாலை. அதன் பெயர் இங்கே வேண்டாம். ரப்பரை நீராவியில் வேக வைக்க அங்கே ஓர் ஆள் நிமிர்ந்து நடந்து போகும் அளவுக்குப் பெரிய கலன் ஒன்று உண்டு. உதவியாளர்கள் இரண்டு பேர் குழாய் அடுக்கிய டிராலியை உள்ளே தள்ளிவிட்டு வெளியே வருவார்கள். பிறகு ஆபரேட்டர் டார்ச்சுடன் உள்ளே போய், எல்லாம் சரியாக இருக்கிறதா, யாராவது நிற்கிறார்களா என்று கடைசி வரை பார்ப்பார். டார்ச்சை மூன்று முறை அணைத்து எரியவிடுவார். அது உதவியாளர்களுக்குச் சைகை, தரையில் போட்டிருக்கும் மஞ்சள் கோட்டுக்குப் பின்னால் போய் நில்லுங்கள் என்று. பிறகு ஆபரேட்டர் வெளியே வந்து, லீவரை இழுத்துக் கதவை மூடி, நீராவி வால்வைத் திறப்பார்.

அந்தத் தொழிற்சாலையில் முதல் முறையாகப் பெண்களை ஆபரேட்டர்களாக எடுத்திருந்தார்கள். பழைய கையேட்டில் ஆபரேட்டர் எல்லா இடத்திலும் ‘ஹி’. அதை மாற்றித் தரச் சொல்லி எங்களிடம் வந்தார்கள். நியாயமான வேலை. நான்கு நாள் கொடுத்தார்கள். நான் ‘ஹி’யை எல்லாம் தேடி ‘தே’ ஆக்கும்படி கணினிக்குச் சொன்னேன். பிறகு உட்கார்ந்து ஒவ்வொரு வினையையும் சரி பார்த்தேன். ‘தே’ வந்த இடத்தில் ஒருமை வினை ஒன்றாவது தப்பிப் பிழைத்திருக்கிறதா என்று இரண்டு முறை படித்தேன். ஒன்றுமில்லை. பெருமையாக இருந்தது. மூன்றாவது நாளே அனுப்பிவிட்டேன்.

அடுத்த வாரம் ஒரு மதியம், சாப்பிட்டுவிட்டு டிபன் பாக்ஸைக் கழுவி வைத்த நேரத்தில், தொழிற்சாலை மேனேஜர் போன் செய்தார்.

“மேடம், உங்க கையேட்டுல ஒன்பதாம் பக்கத்தைத் திறங்க. ஐந்தாவது படி.”

திறந்தேன்.

“கதவை மூடுறது யாரு?”

“ஆபரேட்டர்” என்றேன். இது என்ன கேள்வி என்று நினைத்தேன்.

“எங்கே போட்டிருக்கு?”

பார்த்தேன். ‘ஆபரேட்டர் உதவியாளர்களுக்குச் சைகை காட்டியதும் தே கதவை மூடி வால்வைத் திறக்க வேண்டும்.’ ஒருவர் சைகை காட்டுகிறார். இரண்டு பேர் அதைப் பார்க்கிறார்கள். அதற்குப் பிறகு ‘தே’. என் கண்ணுக்கு அது ஆபரேட்டர், ஏனென்றால் அங்கே முன்பு இருந்த ‘ஹி’ எனக்குத் தெரியும். படிக்கிறவருக்கு அது எப்படித் தெரியும்? அவர் பார்ப்பது பக்கத்தில் நிற்கும் இரண்டு உதவியாளர்களைத்தான்.

“எங்க பயிற்சியாளர் இதைத் தெலுங்குல எங்க ஆட்களுக்குப் படிச்சுக் காட்டினார்” என்றார் மேனேஜர். “இன்னிக்குக் காலைல ஒத்திகை. ஆபரேட்டர் உள்ளே இருந்து டார்ச் காட்டினாங்க. கையேட்டுல சொன்ன மாதிரி உதவியாளர்ல ஒருத்தர் லீவரை இழுத்துட்டார். கதவு மூடிடுச்சு. இன்னொருத்தர் கை வால்வுல. ஆபரேட்டர் உள்ளே.”

“அப்புறம்?” என்றேன்.

“பாய்லர் பத்த வைக்கல மேடம். அதனால பிழைச்சாங்க. டார்ச்சால கதவை அடிச்சிருக்காங்க. சத்தம் கேட்டுத் திறந்தோம். நாளைக்குக் காலைல எட்டு மணிக்கு நிஜமான நீராவி. சரியான பக்கத்தை உடனே அனுப்புங்க.”

ஒரு நிமிடம் என் மூளை என்ன செய்தது தெரியுமா? அதை மறைக்காமல் சொல்ல வேண்டும். தப்பிக்க வழி தேடியது. ‘தே’ ஒருமைக்கு வரலாம் என்று எல்லா வழிகாட்டி நூல்களும் சொல்கின்றன. வினை சரி. மொழிபெயர்த்தவர்தான் தவறாகப் புரிந்துகொண்டார். இப்படி ஒரு மறுப்புக் கடிதமே மனதுக்குள் எழுதி முடித்துவிட்டேன். நல்ல ஆங்கிலத்தில்.

பிறகு, “நாளைக்கு பாய்லரைப் பத்த வைக்காதீங்க சார்” என்றேன்.

“அதைச் சொல்ல நீங்க யாரு மேடம்? சரக்கு அனுப்ப வேண்டிய நாள் அது.”

“அந்தப் பக்கத்தை எழுதினவ. ஒன்பதாம் பக்கத்துல இது இருக்குன்னு உங்களுக்குத் தெரிஞ்சுபோச்சு. மத்த பக்கத்துல எங்கெங்க இருக்குன்னு எனக்கே தெரியாது. எல்லாத்தையும் ஒரே மாதிரிதான் மாத்தினேன். பிரதியை எல்லாம் திரும்ப வாங்கி வைங்க. நான் நேர்ல வர்றேன்.”

எங்கள் பிராஜெக்ட் மேனேஜர் கோயம்புத்தூர்க்காரர். நல்ல மனிதர், ஆனால் பயந்த சுபாவம். என் மேசைக்கு வந்து நின்றார்.

“என்னங்க மேடம் இது. பழைய ஃபைல் இருக்குதுல்லங்க? ‘ஹி’யையே திருப்பிப் போட்டு அஞ்சு நிமிசத்துல அனுப்பிடலாம். நம்ம மேல தப்புன்னு மட்டும் மெயில்ல எழுதிராதீங்க.”

“எழுதி அனுப்பியாச்சு சார்.”

“அனுப்பிட்டீங்களா?”

“பாய்லரை நிறுத்தச் சொல்லி நான் வாயால சொன்னா அந்த மேனேஜர் கேட்க மாட்டார். தப்பு என்னோடதுன்னு எழுத்துல இருந்தாத்தான் மேலதிகாரிகிட்ட காட்டி நிறுத்துவார்.”

அவர் தன் இடத்துக்குப் போய்விட்டார். நான் பையை எடுத்துக்கொண்டு மெட்ரோ ஏறி உப்பலில் இறங்கினேன். வழி முழுக்க அந்தக் கையேட்டைத்தான் படித்தேன். இந்த முறை வினைகளைப் பார்க்கவில்லை. ஒவ்வொரு ‘தே’யையும் நிறுத்தி, “நீ யார்?” என்று கேட்டேன். பதினொரு இடங்களில் பதில் வரவில்லை.

ஆபரேட்டரின் பெயர் நஸீமா. முப்பது வயது இருக்கும். நீலக் கோட்டு, அதன் பையில் கண்ணாடி உடைந்த டார்ச். நான் என்னை அறிமுகப்படுத்திக்கொண்டு, “தப்பு என்னோடது. மன்னிச்சிருங்க” என்றேன். அவர் இந்த ஊர்ப் பேச்சான தக்கனி இந்தியில் பேசினார், எனக்குச் சின்ன வயதிலிருந்து பழகிய மொழி. அவர் சொன்னதைத் தமிழில் தருகிறேன்.

“எனக்கு ஒண்ணும் ஆகலை மேடம். அவரைப் போய்ப் பாருங்க. காலையிலிருந்து சாப்பிடலை.”

லீவரை இழுத்த உதவியாளர் கலனுக்கு முதுகைக் காட்டி ஒரு மரப்பெட்டியில் உட்கார்ந்திருந்தார். நாற்பதைத் தாண்டிய மனிதர். கட்டட வேலையிலிருந்து வந்து ஒரு வாரம்தான் ஆகியிருந்தது. சொன்னதைச் சொன்னபடி செய்தவர். “உங்க மேல தப்பில்லை, எழுதினது நான்தான்” என்று எனக்குத் தெரிந்த தெலுங்கில் சொன்னேன். அவர் தலையை ஆட்டினார். ஆனால் திரும்பிக் கலனைப் பார்க்கவில்லை.

மேனேஜரின் அறையில் கூடினோம். பயிற்சியாளர் கோபமாக இருந்தார். “முன்னே ‘ஹி’ இருந்தது, ‘ஆயன’ன்னு ஒருத்தரைச் சொன்னேன். இப்ப ‘தே’ வந்தது, ‘வாள்ளு’ன்னு பல பேரைச் சொன்னேன். நான் என்ன மேடம் தப்பு பண்ணேன்?”

“ஒண்ணும் பண்ணலை சார்.”

மேனேஜர் குறுக்கிட்டார். “இவ்வளவு யோசிக்க வேண்டாம். ‘ஹி’ இருந்தவரைக்கும் ஒரு பிரச்சினையும் வரலை. அதையே போட்டுடுங்க. ‘ஹி’ன்னா அது பெண்ணையும் சேர்த்துத்தான்னு எல்லாருக்கும் தெரியும்.”

எனக்கு அது சுலபமாகத் தெரிந்தது. பழைய ஃபைல் என் மடிக்கணினியிலேயே இருந்தது. நான் அதைத் திறக்கப் போனேன் என்பதும் உண்மை.

“நக்கோ சார்” என்றார் நஸீமா. வேண்டாம் என்று அவர் சொன்னது மெதுவாகத்தான், ஆனால் எல்லாரும் திரும்பினோம்.

“போன மாசம் பழைய புத்தகம்தானே இருந்தது? அப்ப ஷிஃப்ட் இன்சார்ஜ் என்ன சொன்னார்? ‘புத்தகத்துல லீவர் இழுக்கிறது ஆம்பளைன்னு போட்டிருக்கு, நீ உள்ளே பார்த்துட்டு வந்து ஓரமா நில்லு, அவன் இழுப்பான்’னு சொன்னார். நாலு நாள் அப்படித்தான் நடந்தது. உள்ளே போறது நான். லீவர் வேற ஆள் கையில. உங்களுக்குத் தெரியுமா சார்?”

மேனேஜருக்குத் தெரியாது. அவர் முகத்திலேயே அது தெரிந்தது.

“இன்னிக்கு நடந்ததும் அதுவேதான். ஏன் மாட்டிக்கிட்டேன்? உள்ளே போய்ப் பார்க்கிறவங்க கையிலதான் லீவர் இருக்கணும். வேற யார் கையிலயும் கூடாது. புத்தகத்துல அதை எழுதுங்க மேடம். ஆம்பளையா பொம்பளையான்னு எழுத வேண்டாம்.”

எத்தனையோ கருத்தரங்குகளில் உட்கார்ந்திருக்கிறேன். இவ்வளவு தெளிவாக யாரும் எனக்கு எடிட்டிங் சொல்லித் தந்ததில்லை. நான் ‘ஹி’யா ‘தே’யா என்று பார்த்துக்கொண்டிருந்தேன். இந்த இடத்தில் இரண்டுமே லீவரை அவர் கையிலிருந்து எடுத்து வேறொருவரிடம் கொடுத்திருந்தன. இங்கே தேவைப்பட்டது பிரதிப்பெயர் அல்ல. பெயர்.

‘சைகை காட்டிய பின் ஆபரேட்டர் வெளியே வருகிறார். ஆபரேட்டர் கதவை மூடுகிறார். ஆபரேட்டர் வால்வைத் திறக்கிறார்.’

எழுதிப் பார்த்ததும் எனக்கு உடம்பு கூசியது. நான் சேர்ந்த காலத்தில் எங்கள் தலைமை எடிட்டர் ஒருவர், ஒரே பெயர்ச்சொல் அடுத்தடுத்து வந்தால், “எடிட்டர் தூங்கிட்டாரா?” என்று ஓரத்தில் எழுதுவார். அவரிடம் நான் கற்றது ஏராளம். ஆனால் அவர் கட்டுரைகளைத் திருத்திப் பழகியவர். கலனுக்குப் பக்கத்தில் நின்றவர் இல்லை. மூன்று ‘ஆபரேட்டர்’களையும் அப்படியே விட்டேன்.

சரியாகிவிட்டது என்று எப்படித் தெரிந்துகொள்வது? இந்த முறை என் கண்ணை நான் நம்பவில்லை. எல்லாரையும் கலனுக்கு முன்னால் கூட்டிப் போகச் சொன்னேன். பயிற்சியாளர் ஒவ்வொரு படியையும் தெலுங்கில் படிக்க வேண்டும். அதைச் செய்கிறவர் யாரோ அவரை நோக்கி எல்லாரும் ஒரே நேரத்தில் விரல் நீட்ட வேண்டும். பேசக் கூடாது.

முதலில் சிரித்தார்கள். இரண்டாவது படியிலேயே சிரிப்பு நின்றது. டிராலியைத் தள்ளுவது என்றதும் இரண்டு விரல் உதவியாளர்களைக் காட்டியது, ஒரு விரல் நஸீமாவை. அங்கேயே தரையில் உட்கார்ந்து வாக்கியத்தைப் பிரித்தேன். மறுபடி படித்தோம். எல்லா விரலும் ஒரு பக்கம். ஏழாவது படியில் மேனேஜரே தவறான ஆளைக் காட்டினார். யாரும் சிரிக்கவில்லை. அதையும் மாற்றினேன்.

ஒரு விஷயத்தைக் கவனியுங்கள். ‘தே’யை நான் முழுக்கத் துரத்தவில்லை. ‘ஒவ்வொரு பணியாளரும் உள்ளே வரும்போது தேர் கையுறையை அணிய வேண்டும்’ என்று ஒரு வரி இருந்தது. ‘தே’யின் உடைமைச் சொல்தான் அந்த ‘தேர்’. அதைப் படித்ததும் ஒவ்வொருவரும் தன் நெஞ்சையே தொட்டார். நஸீமாவும் தொட்டார், மேனேஜரும் தொட்டார், மரப்பெட்டியிலிருந்து எழுந்து வந்திருந்த அந்த உதவியாளரும் தொட்டார். அந்த வரியில் வேறு ஆளே இல்லை, அதனால் குழப்பமும் இல்லை. அங்கே ‘ஹிஸ்’ போட்டிருந்தால் ஒரு கை தயங்கியிருக்கும். அந்தத் ‘தேர்’ இன்றும் அந்தப் பக்கத்தில் இருக்கிறது. யார் வந்து கேட்டாலும் அதற்காக நான் வாதாடுவேன்.

அன்று மாலையில் பாதி முடிந்தது. மறுநாள் காலையில் மீதி. எட்டு மணி நீராவி பன்னிரண்டு மணிக்குத் தள்ளிப்போனது. சரக்கு ஒரு நாள் தாமதம்.

அதற்கு விலையும் இருந்தது. எனக்கு ஓர் எச்சரிக்கைக் கடிதம் வந்தது, இருபத்து மூன்று வருடத்தில் முதல் முறை. கையெழுத்துப் போட்டு வாங்கிக்கொண்டேன், கடிதத்தில் இருந்ததெல்லாம் உண்மை. தொழிற்சாலை தன் அடுத்த கையேட்டை வேறு நிறுவனத்துக்குக் கொடுத்தது. கோயம்புத்தூர்க்காரர் இரண்டு வாரம் என்னோடு சரியாகப் பேசவில்லை. பிறகு ஒரு நாள் வேறொரு கையேட்டைக் கொண்டுவந்து, “இதுல இந்த ‘தே’ யாருங்க மேடம்?” என்று கேட்டார். எனக்கும் தெரியவில்லை. இரண்டு பேரும் எழுதியவரைக் கூப்பிட்டுக் கேட்டோம்.

இப்போது உங்கள் கணினியில் இருக்கும் மென்பொருள், ஒருமை பன்மை பொருந்தாத இடத்தில் தானாகவே கோடு போடுகிறது. நல்லது, உபயோகியுங்கள். நான் அனுப்பிய ஒன்பதாம் பக்கத்தை அதற்குக் கொடுத்திருந்தால் ஒரு கோடுகூடப் போட்டிருக்காது. ஒரு சொல் இன்னொன்றோடு பொருந்துகிறதா என்று அது பார்க்கும். அந்தச் சொல் ஓர் ஆளோடு பொருந்துகிறதா என்று பார்க்க வேண்டியது நீங்கள். அவசரம் என்று யாராவது தலைமேல் நிற்கும்போதுதான் அதைப் பார்க்க வேண்டும். அவசரமில்லாத நேரத்தில் எல்லாருமே நன்றாகத்தான் பார்ப்போம்.

அந்த மதியத்தைச் சொல்லி முடிக்கிறேன்.

நான் போயிருக்கலாம், என் வேலை முடிந்திருந்தது. ஆனால் போக மனம் வரவில்லை. பாய்லர் உறுமிக்கொண்டிருந்தது. உதவியாளர்கள் டிராலியைத் தள்ளிவிட்டு வெளியே வந்தார்கள். நஸீமா புது டார்ச்சுடன் உள்ளே போனார். முந்தின நாள் மூடிய கதவு வழியாகத்தான் போனார், வாசலில் ஒரு நொடிகூட நிற்கவில்லை. உள்ளே இருட்டில் வெளிச்சம் மூன்று முறை அணைந்து எரிந்தது. உதவியாளர்கள் இரண்டு பேரும் மஞ்சள் கோட்டுக்குப் பின்னால் நகர்ந்தார்கள். முந்தின நாள் லீவரை இழுத்தவர் இரண்டு கையையும் முதுகுக்குப் பின்னால் இறுகக் கட்டிக்கொண்டார்.

நஸீமா வெளியே வந்தார். லீவருக்குப் பக்கத்தில் நின்றார். ஆனால் கையை வைக்கவில்லை. எதற்காகவோ காத்திருந்தார். எந்த வரியை விட்டுவிட்டேன்? என்ன தப்பு?

“மேடம்” என்றார். “ஆப் பீ. நீங்களும்தான்.”

குனிந்து பார்த்தேன். என் செருப்பு இரண்டும் மஞ்சள் கோட்டுக்கு முன்னால் இருந்தன.

பின்னால் நகர்ந்தேன். அதற்குப் பிறகுதான் அவர் கை லீவருக்குப் போனது.